டெபிட் கார்டின் பாதுகாப்பும் இணையவழிக் கட்டணமும்

டெபிட் கார்டு அதை வைத்திருப்பவரின் சொந்தக் கணக்கோடு நேரடியாகப் பிணைந்தது. கிரெடிட் கார்டில் மோசடி நடந்தால் முதலில் கைமாறுவது வங்கி கடனாகத் தரும் பணம். பில் வந்தபின் அதை மறுத்து வாதாட வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. டெபிட் கார்டில் அந்த இடைவெளி கிடையாது. பணம் போன நொடியிலேயே கணக்கில் இருப்பு குறைகிறது. மறுநாள் எடுக்க வேண்டிய வீட்டுக்கடன் தவணை பணமின்றித் திரும்புகிறது, அதற்கு அபராதமும் விழுகிறது. புகாரை வங்கி விசாரிக்கும் நாள்களிலும் குடும்பம் மிச்சமிருக்கும் பணத்தில்தான் ஓட வேண்டும். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தின் வழியாக ரூபே அட்டை கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு முதல் வங்கி அட்டையாக வந்து சேர்ந்தது. கூலியும் மானியமும் ஒரே கணக்கில் வந்து விழும் வீட்டில், அந்த ஒரு கணக்குக் காலியானால் மாற்று வழி எதுவும் இருக்காது. ஆகவே இந்த அட்டையின் பாதுகாப்பை ஒரு தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் பார்ப்பது போதாது.

இந்தியாவின் முதல் ஏடிஎம் 1987இல் மும்பையில் எச்எஸ்பிசி வங்கியால் நிறுவப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு அட்டையின் அடையாளம் முழுவதும் அதன் பின்புறத்துக் கறுப்புக் காந்தப் பட்டையில்தான் இருந்தது. அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் அந்தப் பட்டையில் மாறாத எழுத்தாகப் பதிந்திருந்தன. மாறாத எழுத்தைப் படிக்க முடிந்தவருக்குப் படியெடுப்பதும் எளிது. ஏடிஎம் அட்டை நுழையும் வாயின்மீது அதே நிறத்தில், அதே வடிவில் ஒரு போலி மூடியைப் பொருத்துவார்கள். அதற்குள் இருக்கும் ஸ்கிம்மர் என்ற சிறு கருவி பட்டையை வாசித்துக்கொள்ளும். பின் நம்பரை அழுத்தும் விரல்களை விசைப்பலகைக்கு மேலே ஒளித்துவைத்த சிறிய கேமரா படம்பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால் வெற்று அட்டை ஒன்றில் அதே பட்டையை எழுதி, வேறோர் ஊரில் பணம் எடுத்துவிடலாம். விசைகளை மற்றொரு கையால் மறைத்துக்கொண்டு அழுத்துங்கள் என்று ஏடிஎம் அறைகளில் எழுதி வைத்திருப்பதன் காரணம் இதுதான். பட்டை களவு போனாலும் ரகசிய எண் தெரியாவிட்டால் போலி அட்டையால் ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாது.

சிப் வந்தபோது நிலைமை மாறியது. அட்டையின் முகப்பில் தெரியும் பொன்னிறச் சதுரத்துக்குள் ஒரு சிறிய கணினி இருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது புதிதாக ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுத் தருகிறது. அந்தக் கணக்குக்குத் தேவையான ரகசியச் சாவி சிப்பை விட்டு வெளியே வருவதில்லை. ஒருமுறை பயன்பட்ட குறியீட்டைத் திருடி மறுபடி அனுப்பினால் வங்கி ஏற்காது. கடைகளில் டெபிட் கார்டைத் தேய்க்கும்போது பின் நம்பர் கட்டாயம் என்ற விதி 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வெறும் காந்தப் பட்டை அட்டைகளை எல்லாம் 2018 டிசம்பர் 31க்குள் சிப் அட்டைகளாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. மாற்றாத அட்டைகளை வங்கிகள் முடக்கியபோது பலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆணை எவ்வளவு அவசியம் என்பதைக் கெடு முடிவதற்குள் நடந்த இரண்டு நிகழ்வுகள் காட்டின.

2016 அக்டோபரில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் களவுபோயிருக்கலாம் என்ற செய்தி வெளியானது. அந்த அட்டைதாரர்கள் அட்டையைத் தொலைத்ததால் நடந்ததல்ல இது. ரகசிய எண்ணை யாரிடமும் சொன்னதாலும் அல்ல. ஏடிஎம்களை இயக்கிக்கொடுத்த ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள் அந்த ஆண்டின் நடுவில் தீநிரல் ஒன்று புகுந்திருந்தது. நிறுவனமே 2017 பிப்ரவரியில் அதை ஒப்புக்கொண்டது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் அட்டைகளை முடக்கி, புதியவற்றை வழங்க நேர்ந்தது. 2018 ஆகஸ்டில் புணே நகரின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் நடந்தது இதைவிடக் கனமான தாக்குதல். பணம் தரலாமா என்று ஏடிஎம் கேட்கும் கேள்வி வங்கியின் உண்மையான கணினிக்குப் போகாமல் திருடர்கள் அமைத்த போலி இணைப்புக்குத் திருப்பப்பட்டது. அது எல்லாக் கேள்விக்கும் ‘தரலாம்’ என்று பதில் சொன்னது. படியெடுத்த அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் ஆட்கள் ஒரே நாளில் வரிசையாகப் பணம் எடுத்தார்கள். மொத்த இழப்பு 94 கோடி ரூபாயைத் தொட்டது. அட்டை தன் பையிலேயே பத்திரமாக இருக்கிறது, ஆகவே பணமும் பத்திரம் என்ற எண்ணம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளும் போதும். வாடிக்கையாளர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவருடைய கண்ணுக்கு எட்டாத இடத்திலும் கதவுகள் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் பொறுப்பு வங்கியுடையது.

இணையத்தில் பணம் கட்டும்போது சிப்புக்கு வேலை இல்லை. அட்டை எண், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்றிலக்க சிவிவி எண் ஆகியவற்றைத் தட்டச்சு செய்தால் போதும் என்றிருந்த காலத்தில், அட்டையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்த எவராலும் அதைக் கொண்டு பொருள் வாங்க முடிந்தது. இதை அடைத்தது 2009 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிய இரண்டாவது சரிபார்ப்பு. அட்டையில் அச்சாகாத ஒரு தகவல், அதாவது கடவுச்சொல்லோ கைப்பேசிக்கு வரும் ஓடிபியோ தந்தால்தான் பணம் நகரும். பல மேலைநாடுகள் இதைக் கட்டாயமாக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தியா செய்துவிட்டது. வாங்குபவருக்கு இது தொந்தரவு, வியாபாரம் குறையும் என்று அப்போது எழுந்த எதிர்ப்பையும் மீறிச் செய்தது. ஓடிபி கேட்காமலே இந்திய அட்டையிலிருந்து பணம் எடுத்துவிடும் வெளிநாட்டு இணையதளங்கள் இன்னும் இருப்பது இந்த விதி எட்டாத இடம் எங்கே என்பதைக் காட்டுகிறது.

அடுத்தடுத்து வந்த விதிகள் அட்டையின் வாசல்களை ஒவ்வொன்றாகச் சுருக்கின. 2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடைக் கருவியிலும் மட்டும் வேலைசெய்யும் நிலையில்தான் வழங்கப்படுகின்றன. இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, அட்டையைத் தட்டிப் பணம் செலுத்தும் வசதி ஆகியவற்றை வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே வங்கி திறந்துவிடும். வேண்டாதபோது அவரே மூடிக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பும் வைக்கலாம். பின் நம்பர் இல்லாமல் தட்டிச் செலுத்தும் வரம்பு 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய். மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்களுக்கு 2021 அக்டோபர் முதல் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்றாயிற்று. 2022 அக்டோபர் 1 முதல் இணையக் கடைகள் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது. அதற்குப் பதிலாக ‘டோக்கன்’ எனும் மாற்று எண் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அந்த எண் அந்த ஒரு கடையில் மட்டுமே செல்லும். கடையின் தரவுக் கிடங்கு நாளை களவுபோனாலும் திருடர் கையில் கிடைப்பது வேறெங்கும் உதவாத எண்தான். இந்த விதிகளில் மக்களுக்கு அதிகம் தெரியாததும் அதிகம் பயன்படக்கூடியதும் மூடித் திறக்கும் வசதிதான். வெளிநாட்டுக்கே போகாத ஒருவருடைய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

கரன்ட் பில், தண்ணீர் வரி, கேஸ், தொலைபேசி, காப்பீடு போன்ற கட்டணங்களுக்கென்று தனியாக ஒரு வழியும் உருவானது. இந்தியத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2016 ஆகஸ்டில் சோதனையாகத் தொடங்கிய பாரத் பில் பேமென்ட் முறை இப்போது பாரத் கனெக்ட் என்ற பெயரில் இயங்குகிறது. வங்கிச் செயலி, பணப்பைச் செயலி, இ-சேவை மையம் என எங்கிருந்து கட்டினாலும் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதே குழாய்தான். இதன் பாதுகாப்பு எளிமையான ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. மின் இணைப்பு எண்ணை இட்டதும், கேட்பு எவ்வளவு, யார் பெயரில் என்பதைக் கட்டணம் வாங்கும் நிறுவனத்தின் கணினியிலிருந்தே எடுத்துக் காட்டுகிறது. பெயரையும் தொகையையும் பார்த்தபிறகே பணம் போகிறது. போனதும் ஒரு குறிப்பு எண் வருகிறது. இலக்கம் ஒன்று மாறி அடுத்த வீட்டாரின் பில்லைக் கட்டிவிடும் பிழையை அந்தப் பெயர் தடுத்துவிடும். பணம் கழிந்து ரசீது வராவிட்டால் அந்தக் குறிப்பு எண்ணை வைத்துப் புகார் செய்யலாம். தொகையைப் பார்த்தவுடன் பெயரைப் பார்க்காமல் அழுத்திவிடுவது பலருடைய பழக்கம்; பார்க்க வேண்டியது பெயரைத்தான்.

இப்படிப் பூட்டு வலுவாக வலுவாக, திருடர்கள் பூட்டை உடைக்கும் வேலையை விட்டுவிட்டு, திறவுகோல் வைத்திருப்பவரையே திறக்கச் சொல்லும் வேலைக்கு மாறினார்கள். இந்திய டெபிட் கார்டு மோசடியின் இன்றைய முகம் இதுதான். கட்டணம் கட்டுவதையே தூண்டிலாக்கிய ஒரு மோசடி 2022இல் தமிழ்நாட்டில் பரவலாக நடந்தது. ‘சென்ற மாதக் கட்டணம் கணக்கில் ஏறவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வரும். கீழே சாதாரணப் பத்திலக்கக் கைப்பேசி எண் ஒன்று இருக்கும். அழைத்தால், பணம் கட்டியது பதிவாகச் சரிபார்க்க வேண்டும், இந்தச் செயலியை இறக்கிக்கொண்டு பத்து ரூபாய் கட்டுங்கள் என்று பணிவாகச் சொல்வார்கள். இறங்குவது கைப்பேசியின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் செயலி. பத்து ரூபாய் கட்டுவதற்காக இடும் அட்டை எண், சிவிவி, அடுத்து வரும் ஓடிபி அத்தனையும் மறுமுனையில் இருப்பவர் கண்முன்னே தட்டச்சாகும். மின்வாரியமும் காவல்துறையும் எச்சரிக்கை விடுத்த பின்பும் படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் உட்படப் பலர் இதில் ஏமாந்தார்கள்.

அந்தச் செய்தி பொய் என்பதற்கான சான்று சட்டத்திலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, கட்டணம் கட்டாதவருக்குக் குறைந்தது 15 முழு நாள்கள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்புத் தராமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அந்த அறிவிப்பு இல்லாமல் இன்றிரவு துண்டிப்போம் என்று எந்த மின்வாரியமும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து அளவெடுத்துக் கணக்கிடும் முறை பழக்கமானது. ‘சென்ற மாதக் கட்டணம்’ என்ற சொல்லே இங்கே பொருந்தாது. ஆனால் இரவில் மின்விசிறி நின்றுவிடுமோ என்ற பதற்றத்தில் யாரும் இதை யோசிப்பதில்லை. மோசடிக்காரர் விற்பது அந்தப் பதற்றத்தைத்தான்.

மற்ற உத்திகளும் இதே மூலத்தின் கிளைகள். தேடுபொறியில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபவருக்குப் போலி எண் கிடைக்கும்படி செய்வது ஒன்று. கேஒய்சி காலாவதியாகிவிட்டது, போக்குவரத்து அபராதம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே எனும் செயலிக் கோப்பை அனுப்புவது இன்னொன்று. அதை நிறுவியதும் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், தந்துவிட்டால் ஓடிபி வாடிக்கையாளருக்கு முன் திருடருக்குப் போய்விடும். போலி ஆவணம் காட்டி வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணுக்கே வேறு சிம் வாங்கிவிடுவது மூன்றாவது. கைப்பேசியில் காரணமில்லாமல் வெகுநேரம் சிக்னல் வராதிருப்பது அதன் அறிகுறி. இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளம் நம்பகமானது என்று நெடுங்காலம் சொல்லித்தரப்பட்டது. அது பாதி உண்மை. அனுப்பும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு உத்தரவாதம். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதை அது சொல்லாது. போலித் தளங்களும் அதே பூட்டை மாட்டிக்கொள்கின்றன. இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே இந்திய வங்கிகள் எல்லாம் ‘பேங்க் டாட் இன்’ என முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. அந்த முடிவெழுத்தை வங்கிகள் மட்டுமே பெற முடியும்.

பணம் போனபின் இழப்பு யாருடையது? இதற்கு அடிப்படையாக அமைந்தது 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. வங்கியின் குறையால் நடந்த இழப்புக்கு வாடிக்கையாளர் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்குப் பொறுப்பில்லை. குறை வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ இருக்கிறது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தவருக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும். தகவல் வந்த நாள் அந்த மூன்றில் சேராது. நான்கிலிருந்து ஏழு வேலைநாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு 10,000 ரூபாய் வரையிலும், அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய் வரையிலும் வாடிக்கையாளர் ஏற்க வேண்டியிருக்கும். ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். புகார் வந்த பத்து வேலைநாள்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகவேனும் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியின்மீதே வைக்கப்பட்டது. இந்தக் கடைசி வரியைப் பல கிளைகளில் சொல்வதே இல்லை. ‘ஓடிபி கொடுத்திருப்பீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்று கவுண்டரில் சொல்லப்படும் வாய்மொழிப் பதில் அந்தச் சுற்றறிக்கையின்படி ஒரு தீர்ப்பாகாது.

ஆனால் வாடிக்கையாளர் தானே ரகசிய எண்ணையோ ஓடிபியையோ தந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு அவருடையது என்கிறது அதே சுற்றறிக்கை. சிக்கல் இங்கேதான். விதி எழுதப்பட்டபோது ஓடிபியைச் சொல்வது கவனக்குறைவு என்று எளிதாகக் கருத முடிந்தது. திரையைத் தொலைவிலிருந்து படிக்கும் செயலிகளும், குறுஞ்செய்தியைத் திருடும் கோப்புகளும் வந்தபின், ‘தந்தார்’ என்பதற்கும் ‘பறிக்கப்பட்டது’ என்பதற்கும் இடையிலான கோடு மங்கிவிட்டது. நீதிமன்றங்கள் இதை உணரத் தொடங்கியிருக்கின்றன. இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பித்தர முயன்ற ஒருவரை, கடையின் சேவைப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு செயலியை நிறுவவைத்து 94,000 ரூபாய்க்கு மேல் எடுத்துவிட்டார்கள். அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கியிடம் புகார் செய்தார். வங்கி அவர்மீதே பழி சுமத்தியது. குவஹாத்தி உயர்நீதிமன்றம் வங்கியே பொறுப்பு என்றது; 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இத்தகைய பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் வங்கிகளிடம் இருக்கிறது, விழிப்பாக இருப்பது அவற்றின் கடமை என்பது அந்த ஆணையின் சாரம். இருபது ஆண்டுகளாக மாதம் இரண்டாயிரம் மட்டும் எடுத்துவந்த ஓய்வூதியரின் கணக்கிலிருந்து நள்ளிரவில் ஐந்து முறை ஐம்பதாயிரம் போகும்போது, ஓடிபி சரியாக இருந்தது என்று மட்டும் சொல்லி வங்கி ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை.

வீட்டளவில் செய்யக்கூடியதில் மிகப் பலன் தருவது கணக்கைப் பிரித்து வைப்பது. சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கின் அட்டையில் இணையப் பயன்பாட்டை மூடிவிட்டு, கட்டணங்களுக்கென்று இன்னொரு சிறிய கணக்கைத் திறந்து அந்தந்த மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அதில் மாற்றிவைத்தால், அட்டை வழியான இணைய மோசடி அந்தச் சிறிய தொகைக்கு மேல் போக முடியாது. அதற்கடுத்தது, வங்கியில் பதிந்த கைப்பேசி எண் இப்போதும் உபயோகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. எண்ணை மாற்றிவிட்டு வங்கியில் சொல்லாதவருக்குப் பணம் போன குறுஞ்செய்தி வராது. அவர் மோசடியை அறிவதற்குள் நாள்கள் பல ஓடிவிடும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிடுவது மோசடி ஆகாது; அதற்கு வேறு விதி. ஐந்து நாள்களுக்குள் வங்கி தானே திருப்பித்தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு சேரும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த முதல் அரைமணி நேரம் மிக முக்கியம். அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை அழைத்து அட்டையை முடக்கி, புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அதன்பிறகு நடக்கும் எந்த இழப்பும் வங்கியுடையது. உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். திருடிய பணம் முதலில் ஓர் இடைக் கணக்குக்குப் போய், அங்கிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து வெளியேறுகிறது. அது இடைக் கணக்கில் இருக்கும்போதே நிறுத்திவைக்க வங்கிகளையும் காவல்துறையையும் இணைத்து உருவாக்கியதுதான் இந்த எண். எழுத்துமூலப் புகாருக்கு 30 நாள்களில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வக்கீல் தேவையில்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் மின்வாரியத்தின் வெள்ளை அட்டை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ அலமாரிக் கதவின் உட்புறத்திலோ இன்னும் தொங்குகிறது. அதன் பின்பக்கத்தில் வங்கியின் அட்டை முடக்கும் எண்ணையும் 1930ஐயும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வீட்டிலிருக்கும் மூத்தவர்களிடம் அது எங்கே இருக்கிறது என்று இன்றே காட்டிவிடுங்கள்.